ஊசிக்கு முன் முரசில் பூசும் ஜெல் எவ்வளவு விறைக்கும்?

சூத்தைப் பல்லைக் கழற்றப் போகிறவர்களுக்குப் பல்லைவிட ஊசிதான் பெரிய பயம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பல் வைத்தியரின் கதிரையில் ஏறினால், ஊசிக்கு முன்னர் முரசில் ஒரு ஜெல் பூசுவதுண்டு. பூசியும் வலிக்கிறதே என்று நொந்துகொள்கிறவர்கள் பலர்.

அதில் இருப்பது பெரும்பாலும் 20 சதவீத பென்சோகெயின் அல்லது 5 சதவீத லிடோகெயின். நரம்பு வலியை மூளைக்குச் சொல்ல, அதன் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாய வேண்டும். மருந்து அந்த வாயில்களை அடைத்துவிடும். குத்து விழும், செய்தி போகாது.

ஆனால் ஜெல் இறங்குவது 2, 3 மில்லிமீற்றர்தான். ஊசி முனை ஏறும்போது வரும் அந்தச் சுருக்கென்ற வலி குறையும். கீழ்க் கடைவாய்ப் பல்லை விறைக்கப் போடும் ஊசியோ 2 சென்ரிமீற்றர் அளவுக்கு உள்ளே போகும். அங்கே ஜெல் எட்டாது. மேலண்ணத்தில் தோல் தடிப்பு என்பதால் ஊறுவது இன்னும் குறைவு.

பூசும் விதத்திலும் நிறைய இருக்கிறது. முரசை முதலில் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும். எச்சிலோடு பூசினால் மருந்து வழிந்து நாக்குத்தான் விறைக்கும். அப்புறம் 2, 3 நிமிடம் பொறுக்க வேண்டும். ஊசியைக் கண்டாலே அழும் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள், "கொஞ்சம் விறைக்க விட்டுப் போடுங்க டொக்டர்" என்று தயங்காமல் கேட்கலாம்.

பல்லுக்கொதிக்குக் கராம்பு கடித்து வைக்கும் வீட்டு வழக்கத்திலும் விஷயம் உண்டு. அதிலுள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும். 2006இல் வெளியான குவைத் ஆய்வொன்றில், மேல் கோரைப்பல்லருகே கன்னப் பக்கத்தில் ஊசி ஏற்றியபோது கராம்பு ஜெல்லும் பென்சோகெயினும் ஏறக்குறைய ஒரேயளவு வலியைக் குறைத்தன. ஆனால் சீழ் வைத்த பல்லின் உட்கொதியை இவை தீர்க்காது. அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் லிடோகெயின் ஊசியின் மருந்துகூட நரம்புச் சுவரைக் கடக்கத் திணறும். வீங்கும்வரை காத்திருந்து போகிறவர்களுக்குச் சரியாக விறைக்காமல் போவது இதனால்தான்.

பல் முளைக்கும் குழந்தைக்கு மட்டும் பென்சோகெயின் ஜெல் வேண்டவே வேண்டாம். அரிதாக, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. 2 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூசக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பூசிய பிறகு உதடு நீலம் பாரித்தால், மூச்சு வாங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். முரசு ஊறுகிற குழந்தைக்கு, கழுவிய விரலால் மெதுவாகத் தடவிக் கொடுத்தாலே போதும்.