ஊதுலைக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லிக் குவியலைப் பாருங்கள். பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்குப் போயிருக்கும். பொடி நடுவிலேயே தங்கியிருக்கும். தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. பொடி தங்கிய இடத்தில் காற்று திணறும். கணினியில் ஊதுலையை உருவாக்குகிறவர்கள் முதலில் பிடிக்கவேண்டிய விஷயம் இது.

உச்சியில் சுழலும் சறுக்குக் குழாய் கல்கரியையும் (நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்) இரும்புத் தாதுவையும் மாறிமாறி அடுக்குகளாகப் பரப்பும். கீழே டூயர்கள் என்ற ஊதுகுழல்கள் வழியாக 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றிய காற்று, நொடிக்கு 200 மீட்டர் அளவு வேகத்தில் பாயும். கல்கரியை எரித்துக் கார்பன் மோனாக்சைடாகி மேலேறும். சரக்கு கீழிறங்க ஆறேழு மணி நேரம் ஆகும். வாயுவுக்கோ பத்து நொடிகூட வேண்டாம். அந்தப் பத்து நொடிக்குள் அது தாதுவைத் தொட்டு அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்தாக வேண்டும்.

அடுக்கு வாயுவை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு வேதிப் பொறியாளர் சப்ரி எர்கன் 1952-இல் தந்த சமன்பாடே இன்றும் அடிப்படை. வேகமான பாய்ச்சலில் தடை துகளின் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி குறைந்தால் அது தாறுமாறாக ஏறும். கல்லுக்கிடையே 40 சதவீதம் இருந்த இடைவெளி, பொடி அடைத்து 35 ஆனால் தடை 1.6 மடங்கு. 20 மில்லிமீட்டர் தாதுவையும் 50 மில்லிமீட்டர் கல்கரியையும் ஒப்பிட்டால், துகளும் பெரிது, இடைவெளியும் அதிகம் என்பதால் கல்கரியில் தடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆகவே உலையின் நடுவில் கல்கரியை மட்டும் நிறுத்தினால், சுற்றிலும் உள்ள தாதுவைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வாயு அதன் வழியாக ஓடும். அழுத்த வேறுபாடு மீறிப்போனால் வாயுவே சரக்கைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஹேங்கிங். பிறகு மொத்தமும் சடாரென்று சரியும்.

இடைவெளியை ஊகித்துப் போடாமல் கணக்கிட்டே பெறத்தான் தனித்துகள் முறை. 1979-இல் பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இருவர் வெளியிட்டது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை முட்டும்போது எழும் விசை, உராய்வு, உருளல் எல்லாம் தனித்தனியாகக் கணக்கிடப்படும். வாயுவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தீர்த்து, இரண்டுக்கும் இடையே இழுவிசையை, அதாவது ஓடும் வாயு துகளைத் தள்ளும் விசையை, பரிமாறிக்கொள்வார்கள்.

சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. 4,000 கனமீட்டர் உலையில் பாதி தாது என்று வைத்தால், 20 மில்லிமீட்டர் உருண்டைகள் மட்டுமே 29 கோடியைத் தொடும். கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் கால அடியோ நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு. ஏழு மணி நேரத்துக்கு 250 கோடி அடிகள். அதுவும் கல்லின் விறைப்பை உண்மையைவிட நூறில் ஒரு பங்குக்கும் கீழே தளர்த்திய பிறகு!

அதனால் துகளைப் பெரிதாக்குவார்கள். விட்டத்தை மூன்று மடங்காக்கினால் எண்ணிக்கை 27-இல் ஒரு பங்காகிவிடும். இழுவிசையை மட்டும் பழைய விட்டத்தில்தான் கணக்கிடவேண்டும். மறந்தால் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்து, உலை கணினியில் மட்டும் அருமையாக ஓடும். இன்னொரு பிழை இவ்வளவு எளிதில் அகப்படாது. உண்மையில் சிறு தாது, கீழே கிடக்கும் கல்கரியின் இடுக்குகளில் இறங்கி, இரண்டு அடுக்கும் சேருமிடத்தை அடைத்துவிடும். 60 மில்லிமீட்டராக்கிய தாது அங்கே நுழையவே முடியாது. அந்தத் தடையைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அழுத்தம் குறைவாகவே வரும்.

கீழே, தாது இளகி ஒட்டிக்கொள்ளும் பகுதியில் வாயுவுக்கு மிஞ்சுவது கல்கரி அடுக்கு என்ற சந்து மட்டுமே. வயிற்றுப் பகுதியில் அது 20, 25 சென்டிமீட்டர் அளவுக்கு மெலிந்திருக்கும். வாயுவின் கட்டமோ துகளைப் போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். 60 மில்லிமீட்டர் துகளுக்கு 18 சென்டிமீட்டர். கட்டத்தின் ஒரு பாதி தாதுவிலும் மறு பாதி கல்கரியிலும் விழுந்தால் சராசரியில் சந்தே காணாமல்போகும்.

சந்து இருப்பதை எப்படி அறிந்தார்கள்? 1970-இல் ஜப்பானின் ஹிரோஹாட்டாவில் ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தி, நீர் ஊற்றிக் குளிர்வித்து, மேலிருந்து அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். இளகும் பகுதி வரையிலும் அடுக்குகள் கலையாமல் கிடந்தன.