ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்: விண்டோஸ் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது?

வீட்டுக் கணினியின் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால், சில நேரம் 'குமார்' என்று ஒன்று இருக்கும். பக்கத்திலேயே, அதே பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்துக் கணினியின் பெயரை ஒட்டிய இன்னொன்றும் இருக்கும். சிலருக்கு அதற்கும் பின்னால் 000, 001 என்று எண்கள் வளர்ந்திருக்கும். இடம் போதவில்லை என்றதும் பலரும் இதில் ஒன்றை அழிக்கப் போகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எது நடப்பில் உள்ள ஃபோல்டர் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

விண்டோஸ் ஆளை அறிவது பெயரால் அல்ல. கணக்கு உருவாகும்போதே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான அடையாள எண் ஒன்று அதற்குக் கிடைக்கிறது. இதை எஸ்ஐடி என்பார்கள். கணக்கை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் பழைய எண் திரும்ப வராது. எந்த எண்ணுக்கு எந்த ஃபோல்டர் என்ற குறிப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், புரொஃபைல்லிஸ்ட் என்ற பகுதியில் இருக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்ததும் விண்டோஸ் அங்கே பார்த்து, உரிய ஃபோல்டரில் உள்ள என்டியூசர்.டாட் கோப்பை ஏற்றுகிறது. உங்கள் அமைப்புகள் பெரும்பாலும் அதற்குள்தான். ஃபோல்டரும் இந்த அமைப்புகளும் சேர்ந்ததைத்தான் புரொஃபைல் என்கிறார்கள்.

உங்கள் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 'டிஃபால்ட்' என்ற மறைந்த ஃபோல்டரை நகலெடுத்துப் புதியதொன்றை விண்டோஸ் உருவாக்கும். 'குமார்' ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதாமல் கணினியின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். இரட்டை ஃபோல்டர் பிறப்பது இப்படித்தான். பழைய கோப்புகள் தப்பிப்பதும் இதனால்தான்.

இதைவிட ஆபத்தானது தற்காலிக புரொஃபைல். டிஸ்க் பிழையாலோ வேறு மென்பொருள் கோப்பைப் பிடித்து வைத்திருப்பதாலோ புரொஃபைலை ஏற்ற முடியாவிட்டால், விண்டோஸ் 'டெம்ப்' என்ற ஃபோல்டரில் உங்களை உள்ளே விடும். டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும். அங்கே சேமிப்பவை வெளியேறியதும் அழிந்துவிடும். ஆகவே எதையும் சேமிக்காமல், முதலில் கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள்.

சரி, நடப்பில் உள்ளது எது? விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள். திறப்பதுதான் இப்போதைய ஃபோல்டர். மேலே உள்ள முகவரியைச் சொடுக்கினால் முழுப் பெயரும் தெரியும்.

மற்றதிலிருந்து படங்கள், ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள்கள் தங்கள் தரவுகளை வைக்கும், மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரையும் பாருங்கள். பிரவுசர் புக்மார்க்குகள் அங்கேதான் இருக்கும். ஆனால் குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. கோப்பை நகலெடுத்தால் மட்டும் திறக்காது. பழைய கணக்கு இன்னும் இருந்தால் அதில் நுழைந்து அவற்றை ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

அப்புறம் அழிப்பது. ஃபோல்டரை மட்டும் நேரடியாக நீக்கினால் ரெஜிஸ்ட்ரியில் குறிப்பு அப்படியே தங்கிவிடும். சிஸ்டம் புராப்பர்ட்டீஸ் சாளரத்தில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், யூசர் புரொஃபைல்ஸ் பட்டியலிலிருந்து நீக்கினால் இரண்டும் சேர்ந்து போகும். அங்கே 'அக்கவுண்ட் அன்னோன்' என்று தெரிபவை பெரும்பாலும் கணக்கு போய் எண் மட்டும் மிஞ்சியவை. பப்ளிக், டிஃபால்ட் இரண்டையும் தொடாதீர்கள். மிஞ்சும் ஃபோல்டரின் பெயரில் வால் ஒட்டியிருந்தால் இருக்கட்டும், திருத்தப் போகாதீர்கள். பல மென்பொருள்கள் அந்த முழு முகவரியைத்தான் குறித்து வைத்திருக்கின்றன.