லிஸ்ப் அடைப்புக்குறிகளைக் கைவிடாதது ஏன்?

லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை முதன்முறையாகப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுபவை அடைப்புக்குறிகள்தாம். பள்ளிக் கணக்கில் 2 + 3 × 4 என்று எழுதுவது லிஸ்பில் (+ 2 (* 3 4)) என்று ஆகிவிடுகிறது. செய்ய வேண்டிய வினை முதலில் வருகிறது. அந்த வினைக்கு உட்படும் எண்கள் பின்னால் வருகின்றன. மொத்தத்தையும் ஓர் இணை அடைப்புக்குறிகள் சூழ்ந்துகொள்கின்றன. "மூன்றையும் நான்கையும் பெருக்கி இரண்டோடு கூட்டு" என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு இந்த வரிசை தலைகீழாகவே தோன்றும். இக்குறிகளை நீக்கிவிட்டால் லிஸ்ப் எல்லோருக்கும் எளிதாகிவிடும் என்ற வாதத்துக்கும் லிஸ்புக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆயினும், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவை நிலைத்து நிற்கின்றன. அவை செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால்தான் இந்த நீண்ட விவாதம் புரியும்.

பிற மொழிகளில் 2 + 3 * 4 என்ற எழுத்து வரிசையை, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் படித்து, பெருக்கலுக்கே முன்னுரிமை என்ற விதியின் துணையோடு அதை ஒரு கிளைமரமாக மாற்றிக்கொள்கிறது. மரத்தின் உச்சியில் கூட்டல் இருக்கும். அதன் ஒரு கிளையில் 2, மறு கிளையில் பெருக்கல். பெருக்கலின் கீழே 3, 4. இந்த மரம் கம்பைலருக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைந்துவிடுவதால் நிரலாளர் அதைக் காண்பதில்லை. லிஸ்பிலோ நிரலாளர் தம் கையால் எழுதுவதே அந்த மரம்தான். திறக்கும் குறி கிளை பிரியும் இடத்தையும், மூடும் குறி அக்கிளை முடியும் இடத்தையும் காட்டுகின்றன. எது முதலில், எது பின்னால் என்று சொல்லும் முன்னுரிமை விதிகளுக்கு இங்கே தேவையே இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி 1958-இல் இம்மொழியை வடிவமைக்கத் தொடங்கியபோது, அவருக்குக் கிடைத்த கணினி ஐபிஎம் 704. அதன் நினைவகத்தில் 'சொல்' எனப்படும் ஒவ்வொரு சேமிப்பு அலகும் 36 பிட் கொண்டது. அதற்குள் 15 பிட் அளவில் இரண்டு பகுதிகள் இருந்தன. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரிக்கு 15 பிட் போதும் என்பதால், ஒரே சொல்லில் இரண்டு முகவரிகளை வைக்க முடிந்தது: ஒன்று பட்டியலின் முதல் உறுப்பைச் சுட்டும், மற்றொன்று பட்டியலின் மிச்சத்தைச் சுட்டும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த பட்டியல்களே லிஸ்பின் அடிப்படை. அவ்விரு பகுதிகளையும் எடுத்துத் தரும் செயல்களுக்கு அன்று வைத்த 'கார்', 'குடர்' என்ற பெயர்கள், அந்தக் கணினி மறைந்த பின்னும் லிஸ்பின் கிளைமொழிகளான காமன் லிஸ்பிலும் ஸ்கீமிலும் வழங்குகின்றன.

மெக்கார்த்தி நிரல்களை அடைப்புக்குறிக் குவியலாக எழுத எண்ணியவர் அல்லர். தரவுகளை எழுத எஸ்-கோவை என்ற அடைப்புக்குறி வடிவத்தையும், நிரல்களை எழுத எம்-கோவை என்ற, கணித எழுத்துமுறைக்கு நெருக்கமான வடிவத்தையும் அவர் தனித்தனியே வகுத்திருந்தார். ஆனால் 1960-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில், எந்த லிஸ்ப் நிரலையும் எடுத்து மதிப்பிடக்கூடிய 'இவால்' என்ற பொதுச் செயற்கூறு ஒன்றை லிஸ்பிலேயே எழுதிக் காட்ட விரும்பினார். இவாலிடம் ஒரு நிரலைக் கொடுக்க வேண்டுமானால் அந்த நிரல் தரவாக இருக்க வேண்டும். ஆகவே நிரலையும் எஸ்-கோவையாக எழுதும் வழி அவருக்குத் தேவைப்பட்டது. அவரைப் பொறுத்தவரை அது கோட்பாட்டு விளக்கம் மட்டுமே. அவருடைய குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் படித்துவிட்டு, இதையே ஏன் இயந்திர மொழியில் எழுதி ஓட்டக்கூடாது என்று கேட்டார். மெக்கார்த்தி தயங்கியபோதும் எழுதி ஓட்டியும் காட்டினார். அன்று முதல் லிஸ்ப் இயங்கும் மொழியாயிற்று. எம்-கோவை பின்னொரு நாள் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்; அதற்குள் எஸ்-கோவையிலேயே பழகிவிட்ட புதிய நிரலாளர்களுக்கு வேறொன்று தேவைப்படவில்லை.

அவர்களுக்கு அது தேவைப்படாமற்போனதில் பழக்கத்துக்கு மட்டுமல்ல, 1963-இல் திமோத்தி ஹார்ட் முன்வைத்த, நிரலையே மாற்றி எழுதித் தரும் மேக்ரோ என்ற கருவிக்கும் பெரும் பங்கு உண்டு. லிஸ்பின் உயிர்நிலை அதுவே என்று நான் கருதுவதால் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்; குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். மொழியில் 'எனில்' என்ற நிபந்தனை மட்டும் இருக்கிறது; நமக்கோ "இது உண்மை இல்லையென்றால் மட்டும் அதைச் செய்" என்று சொல்லும் 'அன்றேல்' வேண்டும். (அன்றேல் (= வ 0) (/ 100 வ)) என்று எழுத ஆசைப்படுகிறோம். இதைச் சாதாரணச் செயற்கூறாக எழுதினால் பயனில்லை, ஏனென்றால் செயற்கூறு தொடங்குமுன்பே அதற்குத் தரப்பட்ட கோவைகள் அனைத்தும் கணக்கிடப்பட்டுவிடும். வ சுழியமாக இருந்தால் சுழியத்தால் வகுத்த பிழை அப்போதே நேர்ந்துவிடும். மேக்ரோ அப்படிச் செய்வதில்லை. அது கோவைகளைக் கணக்கிடாமல், பட்டியல்களாகவே வாங்கிக்கொண்டு, (எனில் (= வ 0) வெறுமை (/ 100 வ)) என்ற புதிய பட்டியலை, அதாவது வ சுழியம் எனில் வெறுமை, இல்லையேல் வகுத்தல் என்பதை, கட்டித் தருகிறது; அந்தப் புதிய பட்டியலே நிரலாக ஓடுகிறது. நிரலும் பட்டியல், அதை மாற்றி எழுதும் கருவியின் கையில் இருப்பதும் பட்டியல் என்பதால், மொழியில் இல்லாத ஓர் இலக்கணத்தை நிரலாளரே இரண்டு மூன்று வரிகளில் சேர்த்துவிட முடிகிறது.

அடைப்புக்குறிகளை நீக்க வந்த முயற்சிகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தன. 1973-இல் எம்.ஐ.டி.யில் வான் பிராட் உருவாக்கிய சிகால் என்ற முறை, வழக்கமான கணித வடிவில் எழுதியதை லிஸ்ப் பட்டியலாக மாற்றித் தந்தது. அழகான வேலை, அதற்காக அவர் வகுத்த இலக்கண அலசல் முறை இன்றும் பல கம்பைலர்களில் பயன்படுகிறது. ஆனால் மேக்ரோ எழுதுபவர் தாம் எழுதிய வடிவம் ஒன்று, மேக்ரோவின் கையில் வரும் வடிவம் வேறொன்று என்று இரண்டையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1990-களில் ஆப்பிள் நிறுவனத்தில் பிறந்த டிலன் மொழி, முதலில் அடைப்புக்குறிகளோடு தோன்றிப் பிறகு வழக்கமான எழுத்துமுறைக்கு மாறியது; அதன் மேக்ரோக்கள் பட்டியலை நேரடியாகக் கையாளாமல் மாதிரிகளைப் பொருத்தும் வழிக்குச் சென்றன.

சிறு திருத்தங்களில் பலன் கிடைத்திருக்கிறது. ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட குளோஜர் என்ற லிஸ்ப் கிளைமொழியில் மாறிகளை அறிமுகப்படுத்தும் இடத்தில் சதுர அடைப்புக்குறி வருகிறது. ஸ்கீமில் ((அ 1) (ஆ 2)) என்பது அங்கே [அ 1 ஆ 2] என்று ஆகிறது. பழகிய நிரலாளர்களும் மூடும் குறிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. வரியின் உள்தள்ளலைக் கொண்டே அவர்கள் நிரலைப் படிக்கிறார்கள்; குறிகளை இணை சேர்ப்பதை எடிட்டர் பார்த்துக்கொள்கிறது. மூடும் குறிகளுக்குத் தனி வரி தராமல், கடைசி வரியின் ஓரத்தில் )))) என்று குவித்துவிடும் மரபும் இதனால்தான்.

லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கெட் மொழியின் குழுவினர் அண்மையில் உருவாக்கிவரும் ராம்பஸ் என்ற மொழி இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. அதன் வாசிப்புக் கட்டம் வரிகளையும் உள்தள்ளலையும் கொண்டு நிரலைப் பெரிய கிளைகளாக மட்டும் பிரித்துவிட்டு, கூட்டல் பெருக்கல் போன்ற குறிகளில் எது எதோடு சேரும் என்பதை மேக்ரோக்கள் விரியும் கட்டத்துக்கு விட்டுவைக்கிறது. அடைப்புக்குறிகள் போகும்போது மேக்ரோவின் வலிமையும் கூடவே போய்விடக் கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுத்துக்கொண்டு செய்யப்படும் வேலை என்பதால், இதன் மீது எனக்கு உண்மையான எதிர்பார்ப்பு இருக்கிறது.