சின்னப் பெட்டி கொம்பியூட்டர் வாங்கப் போறீங்களா, மூடியக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க

ஹட்டன்ல கொம்பியூட்டர் ரிப்பேர் பண்றேன். இப்ப வர்ற போன்ல எல்லாம் ஒரே கேள்விதான், "அண்ணே, அந்த சாப்பாட்டுப் பெட்டி சைஸ்ல வருதே, அது வாங்கலாமா?"

வாங்கலாம். நம்ம மலைப்பக்கத்துக்கு நல்லாவே பொருந்தும், முக்கியமா கரண்ட்டுக்கு. பழைய டவர் மெஷின் சும்மா இருக்கும்போதே 60 வோட்ஸ் கிட்ட இழுக்கும், இன்டெல் என்100 சிப் போட்ட சின்னது 10 வோட்ஸ் பக்கத்துல நின்னுக்கும், ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடுனா மாசம் 12 யூனிட் மிச்சம். 12 யூனிட்தானேன்னு சொல்லாதீங்க, மாசம் 60 யூனிட்ட தாண்டுனா ரேட்டே மாறிடும்னு கரண்ட் பில் கட்டுறவங்களுக்குத் தெரியும். அப்புறம் பொழுது சாய்ஞ்சு லயம் முழுக்க, அதான் தோட்டத்து வரிசை வீடு எல்லாத்துலயும், ரைஸ் குக்கர் போடுற நேரம் பல்பே மங்கிப்போகும்ல, அப்ப பழைய டவர் பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும், சின்னதோட அடெப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் போனாலும் அதே யூபிஎஸ் (பெட்டரில ஓட்டுற பெட்டி) டவர விட ரெண்டு மடங்கு தாங்கும். 2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் வெட்டுனாங்களே, அத நெனச்சுப் பாருங்க.

இப்ப வில்லங்கம். டியூஷன் குடுக்குற சேர் ஒருத்தர் ஒன்லைன்ல புதுசா ஒன்னு எடுத்துட்டு வந்தாரு, 4 ஜிபி ரேம் (வேல செய்யும்போது பாவிக்கிற மெமரி), 64 ஜிபி ஸ்டோரேஜ். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேக்குறதே குறைஞ்சது அவ்வளவுதான், அப்டேட் வந்ததும் இடமில்ல, ஸூம் தொறந்தா இழுக்குது. "ரேம் கூட்டிக் குடுங்க தம்பி"ன்னாரு. தொறந்து பாத்தா ரேம், ஸ்டோரேஜ் ரெண்டுமே போர்ட்லயே ஈயம் வச்சு ஒட்டியிருக்கு, நான் என்ன செய்ய? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக் குடுத்தேன், இப்ப பாஸ் பேப்பர் பிரிண்ட் எடுக்க ஓடுது. அதனாலதான் சொல்றேன், வாங்க முன்னாடி மூடியக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, ரேம் ஸ்லொட்டும் எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ்) ஸ்லொட்டும் கண்ணால பாத்துட்டு சல்லியக் குடுங்க.

ஒபிஸ்ல இருந்து கழிச்ச செகண்ட் ஹேண்ட் டெல், லெனோவோ குட்டி மெஷினும் நல்ல சாமான்தான். ஆனா இன்டெல் சிப் 6, 7ம் ஜெனரேஷன்னா மலிவா தள்ளிவிடுவாங்க, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, அந்தப் பழைய சிப் மெஷின்ல 11ஐ முறைப்படி போட முடியாது, 8ல இருந்து மேல கேளுங்க. அடெப்டரும் கூடவே வாங்கிடுங்க. டெல் பெட்டிக்கு வேற அடெப்டர் குத்துனா அடையாளம் தெரியலன்னு வேகத்தக் குறைச்சிடும், நீங்க வைரஸ்னு எங்கிட்ட தூக்கிட்டு வருவீங்க.

கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க இந்தப் பக்கமே வராதீங்க, டவர்தான்.

இடி மின்னலுக்கு பிளக்க மட்டும் கழட்டுனா பத்தாது, ரவுட்டர்ல இருந்து இன்டர்நெட்டுக்கு வர்ற லேன் வயரையும் கழட்டுங்க. டவர்ல லேன் போனா ஒரு கார்ட் குத்திடலாம், இதுல அதுக்கு எடமில்ல, வெளிய யூஎஸ்பில ஒன்னத் தொங்க விடணும். இன்னொன்னு, நம்ம குளிருக்கு அந்தப் பெட்டியோட இளஞ்சூடு கரப்பானுக்கு ரொம்பப் பிடிக்கும், போன வாரம் தொறந்த ஒன்னுக்குள்ள குடும்பமே இருந்துச்சு.