கலோரிஃபிக் வேல்யூ: தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் ஐந்தாம் படிவ வேதியியலில் நம் பிள்ளைகள் 'நீலாய் பாஹான் அப்பி' என்று மலாயில் படிப்பது இதைத்தான். ஒரு கிராம் எரிபொருள் முழுமையாக எரிந்தால் எத்தனை கிலோஜூல் வெப்பம் வரும் என்ற கணக்கு.

லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். 'கலோரிஃபிக்' என்றால் வெப்பம் உண்டாக்குகிற. கலோரி என்ற அலகும் அதே வேரில் கிளைத்ததுதான், ஆனால் இந்தச் சொல்லுக்குள் அந்த அலகு இல்லை. அதனால் 'கலோரி மதிப்பு' எனக்கு ஒட்டவில்லை. ஜூலில் அளந்துவிட்டு கலோரி என்று பெயர் வைப்பானேன்? மலாய்ச் சொல்லைப் பார்த்து 'எரிபொருள் மதிப்பு' என்றாலோ, சிலாங்கூரின் பத்தாங் பெர்சுந்தையில் புதன்கிழமை அறிவிக்கும் எண்ணெய் விலை என்றே நினைப்பார்கள். 'வெப்ப மதிப்பு' போதும்.

எதற்கு எவ்வளவு? கிலோவுக்கு, மெகாஜூலில் (ஆயிரம் கிலோஜூல்): டீசல் சுமார் 43, செம்பனை (பாமாயில்) பயோடீசல் 37, எத்தனால் 27. ஹைட்ரஜன் 120! ஆனால் அது வாயு. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் ஹைட்ரஜனில் 10 கிலோஜூல்தான் தேறும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல். ஆகவே கிலோவுக்கா லிட்டருக்கா என்று சொல்லாத வெப்ப மதிப்பு பாதிப் பேச்சு.

பத்தாங் பெர்சுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இன்று அந்த எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலில் பத்து விழுக்காடு கலந்து பி10 என்று விற்கிறார்கள். பயோடீசல் லிட்டருக்கு சுமார் 33 மெகாஜூல். கலந்தபின் குறைவது ஒரு விழுக்காடுகூட இல்லை. "பி10 போட்டதிலிருந்து லாரி இழுக்கவே மாட்டேங்குது" என்பவர்கள் முதலில் ஃபில்டரைப் பார்க்கட்டும்.

செம்பனை ஆலை பாய்லருக்குப் போடுவது பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும். பிழிந்த கையோடு வரும் நார் ஈரமாக இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரும் ஆவியாக ஏறத்தாழ 2.3 மெகாஜூலைத் தின்றுவிடும். அந்த நீராவியும், எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீராவியும் புகைபோக்கி வழியாகப் போய்விடுவதால் அதன் வெப்பத்தைக் கழித்துச் சொல்வது நிகர வெப்ப மதிப்பு, கழிக்காமல் சொல்வது மொத்த வெப்ப மதிப்பு. மேலே கிலோவுக்கும் லிட்டருக்கும் தந்தவை எல்லாம் நிகரம்.