பெட்டியில் 1/72, காலிப்பரில் வேறு: சிப்பாய் பொம்மைகளை ஒப்பிடுவது எப்படி

மேசை விளக்கின் கீழே இரண்டு பிளாஸ்டிக் சிப்பாய்கள் நிற்கிறார்கள். இருவருமே இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் காலாட்படையினர். இருவரும் வந்த பெட்டிகளில் 1/72 என்றுதான் அச்சிட்டிருந்தது, அதாவது நிஜ ஆளை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு (ஸ்கேல்). ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் அண்ணன் மாதிரியும் மற்றவர் பள்ளிக்கூடம் போகிற தம்பி மாதிரியும் தெரிகிறார்கள். மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கையும் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பாதத்திலிருந்து கண் வரை அளந்தேன். ஒருவர் 22.5 மி.மீ., இன்னொருவர் 21.3 மி.மீ. கடுகளவு வித்தியாசம். அதைக் கண் எப்படி இவ்வளவு சட்டென்று பிடிக்கிறது?

உயரத்தில் வித்தியாசம் 5.6 சதவீதம்தான். ஆனால் பொம்மை உயரத்தில் மட்டும் வளர்வதில்லை. தோள் அகலமாகிறது, மார்பு தடிக்கிறது. 1.056 என்ற எண்ணை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.18 வரும். ஆக, பருமனில் 18 சதவீதம் கூடுதல். நம் கண் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆளின் கட்டுடலையும் சேர்த்தே பார்க்கிறது. பெரிய பொம்மைகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1/35 சிப்பாயையும் 1/32 சிப்பாயையும் ஒரே ஜீப்பில் உட்கார வைத்தால் உயரத்தில் 9 சதவீதம்தான் வேறுபாடு. பருமனிலோ 31 சதவீதம்.

என் மேசையில் நிற்கும் குள்ளச் சிப்பாயின் கதை ரயில் பொம்மைகளில் தொடங்குகிறது. பிரிட்டனில் ஓஓ என்ற ரயில் அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பது கணக்கு, அதாவது சுமார் 1/76. ஐரோப்பாவில் வழங்கும் எச்ஓவில் ஓர் அடிக்கு 3.5 மி.மீ., 1/87. பிரிட்டிஷ் ரயில் என்ஜின்கள் நிஜத்திலேயே சற்றுச் சிறியவை. 1/87-க்குச் சுருக்கினால் அன்றைய மின்மோட்டார் உள்ளே போகவில்லை. எனவே தண்டவாளத்தின் அகலத்தை எச்ஓவில் இருந்தபடியே விட்டுவிட்டு, என்ஜினை மட்டும் பெரிதாக்கினார்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959ல் காவற்படை வாத்தியக் குழுவோடு தன் குட்டிச் சிப்பாய்களை வெளியிடத் தொடங்கியபோது, பெட்டியில் எச்ஓ, ஓஓ இரண்டையும் சேர்த்தே போட்டது. இரண்டுக்கும் நடுவே 14 சதவீத இடைவெளி இருக்கிறது என்பதைப் பெட்டி சொல்லவில்லை. பழைய அச்சுகளில் வார்த்த அதே சிப்பாய்கள் பிற்காலத்தில் 1/72 என்ற முத்திரையோடும் வந்தார்கள்.

1/72-க்குப் பின்னால் இருப்பது அங்குலக் கணக்கு. ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம், அவ்வளவுதான். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம் நிற்பான். 1/35-ன் பிறப்பு இன்னும் சுவையானது. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. பேட்டரிகளும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்பதே அதன் அளவைத் தீர்மானித்தது. அது நன்றாக விற்றது. அடுத்த டாங்கியையும் அதே அளவில் செய்யலாம் என்று அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ 1/35 என்று தெரிந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் முதன்மை அளவு அதுதான். பிரிட்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893ல் உள்ளே பொள்ளலான ஈயச் சிப்பாய்களை 54 மி.மீ. உயரத்தில் வார்க்கத் தொடங்கியதும், அவை அன்றைய பெரிய ரயில் பொம்மைகளோடு பொருந்த வேண்டும் என்பதற்காகவே. மனிதனை அளந்து பிறந்த ஸ்கேல்கள் குறைவு. மோட்டாரும் பேட்டரியும் தண்டவாளமும் தீர்மானித்த எண்களுக்குள் மனிதனைப் பிறகு பொருத்தினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் மில்லிமீட்டரில் பெயர் சொல்கிற பழக்கத்தால் வருகிறது. 28 மி.மீ. சிப்பாய் என்கிறார்கள். எங்கிருந்து எங்கே வரை? தொப்பியும் ஹெல்மெட்டும் உச்சந்தலையை மறைத்துவிடுவதால், பாதம் முதல் கண் வரை அளப்பதே பலரின் வழக்கம். சிலர் உச்சி வரை அளக்கிறார்கள். 1.73 மீட்டர் உயர ஆளுக்குக் கண் சுமார் 1.62 மீட்டரில் இருக்கும். கண் வரை 28 என்றால் ஸ்கேல் 1/58, உச்சி வரை 28 என்றால் 1/62. இவற்றோடு நிறுத்துவதற்கென்று விற்கும் வண்டிகளோ பெரும்பாலும் 1/56. 1/56 வண்டியின் பக்கத்தில் 1/62 ஆள் நின்றால், 1.73 மீட்டர்க்காரர் 1.56 மீட்டராகத் தெரிவார். காலடியில் ஒட்டியிருக்கும் தட்டையும் மறக்கக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் தட்டு 1/72-ல் 11 செ.மீ. மேடைக்குச் சமம்.

ஆளின் உயரத்தை வைத்து ஸ்கேலைக் கண்டுபிடிப்பது எனக்கு எப்போதுமே நம்பிக்கை தராத வழி. நிஜ மனிதர்கள் குட்டையாகவும் நெட்டையாகவும்தான் இருக்கிறார்கள். பொம்மைகளோ குனிகின்றன, மண்டியிடுகின்றன, ஓடுகின்றன. ஆனால் கையில் இருக்கும் துப்பாக்கி தொழிற்சாலையில் செய்தது. அதன் நீளம் ஆளுக்கு ஆள் மாறாது. ஜெர்மன் கார்98கே ரைஃபிள் 1,110 மி.மீ. நீளம். 1/72-ல் 15.4, 1/76-ல் 14.6, 1/35-ல் 31.7 மி.மீ. இருக்க வேண்டும். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய் என்றால், கையில் இருப்பது பெரும்பாலும் ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்வித்த மாதிரி அது. பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசே அதை வாங்கிக்கொண்டது. நீளம் சுமார் 1.40 மீட்டர், 1/72-ல் 19.5 மி.மீ. துப்பாக்கிக்கு அடுத்தபடி நான் பார்ப்பது பூட்ஸ். நிஜத்தில் ஏறக்குறைய 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/72-ல் 4.2 மி.மீ.

இந்தக் கணக்கில் என் ‘அண்ணன்’ சிப்பாய் மாட்டிக்கொண்டார். கண் வரையிலான உயரம் மிகச் சரியாக 1/72. ஆனால் அவர் ரைஃபிள் 17 மி.மீ., அதாவது 1/65. பூட்ஸ் 5 மி.மீ., அதாவது 1/60. ஒரே உடலில் மூன்று ஸ்கேல்! ‘தம்பி’யோ உயரம், ரைஃபிள், பூட்ஸ் மூன்றிலும் 1/76-ல் நிற்கிறார். பெட்டியில் இருக்கும் எண்தான் தவறு. ஆள் தனக்குள் ஒழுங்காக இருக்கிறார்.

அப்படியானால் அண்ணனைச் செய்தவர் கவனமில்லாதவரா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இங்கேதான் பொருளின் குணம் உள்ளே வருகிறது.

ரைஃபிள் குழலின் முனை நிஜத்தில் ஒன்றரை செ.மீ. தடிமன். 72-ஆல் வகுத்தால் 0.2 மி.மீ. துப்பாக்கி முனையில் செருகும் கத்தியான பயனெட்டின் அலகு 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். பிளாஸ்டிக் பொம்மையை எப்படி வார்க்கிறார்கள் என்று பாருங்கள். 200 டிகிரிக்கும் மேலே சூடேறிய பிளாஸ்டிக் குழம்பை, அதைவிடக் குளிர்ந்த எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். குழம்பு சுவரைத் தொட்ட நொடியிலேயே ஓரம் உறையத் தொடங்கும். வழி மிகக் குறுகலாக இருந்தால், முனை வரை போய்ச் சேரும் முன்பே முழுவதும் உறைந்துவிடும். துப்பாக்கி பாதியில் நின்றுபோகும். ஆகவே வடிப்பவர் குழலைத் தடிமனாக்குகிறார். தடித்த துப்பாக்கியைப் பிடிக்கப் பெரிய கை வேண்டும், பெரிய கைக்குப் பெரிய பூட்ஸ் ஈடு கொடுக்க வேண்டும். தவறு ஒன்றன்பின் ஒன்றாக உடல் முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

அச்சில் இன்னொரு கட்டாயமும் உண்டு. எஃகு அச்சு இரண்டு பாதிகளாகத் திறக்கும். பொம்மை நேர்க்கோட்டில் வெளியே வந்தாக வேண்டும். இட்லித் தட்டின் குழிக்கு வாய் குறுகி உள்ளே அகன்றிருந்தால் இட்லி எப்படி வரும்? அதே சிக்கல்தான். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கியைப் பிடித்திருக்கும் சிப்பாயின் கைக்கும் மார்புக்கும் நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில், அச்சின் நாக்கு நுழைந்து திரும்ப முடியாது. அந்த இடம் பிளாஸ்டிக்கால் அடைபட்டுவிடும். ஒரு பொம்மையின் தரத்தைப் பார்க்க எனக்கு ஒரே ஓர் இடம்தான் காட்டுவார்கள் என்றால், நான் கேட்பது அந்தக் கைக்கு உள்பக்கம்தான். அதைத் திறந்த வெளியாக விட்டிருந்தால், கையைத் தனித் துண்டாக வார்த்திருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் நகரும் கூடுதல் துண்டுகள் கொண்ட விலையுயர்ந்த அச்சைச் செய்திருக்கிறார்கள். 1/35-ல் ஹாங்காங்கின் டிராகன் நிறுவனம் இந்த இரண்டாவது வழியில் பேர் வாங்கியது.

உலோகச் சிப்பாய்க்கு இந்தச் சிக்கல் குறைவு. அவரை வார்ப்பது சுழலும் ரப்பர் அச்சில். ரப்பர் வளையும் என்பதால் சிறிய மறைவுகளிலிருந்தும் பொம்மை கழன்று வரும். காரீயம், வெள்ளீயம், ஆண்டிமனி மூன்றும் கலந்த பழைய சிப்பாய் உலோகம், அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளின் உலோகத்துக்கு நெருங்கிய உறவு. எழுத்தின் மெல்லிய வளைவைப் பிடித்த அதே குணம் சட்டைப் பொத்தானையும் பிடிக்கிறது. ஆனால் அந்தக் காரீயத்துக்கு மர அலமாரி ஆகாது. ஓக் போன்ற மரங்களிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி, பல பத்தாண்டுகளில் அழகான பழைய சிப்பாய்களை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அப்படிப் பூத்துப்போன ஒரு குதிரை வீரனைக் கையில் வாங்கிய நாளை என்னால் மறக்க முடியவில்லை. விரல் பட்ட இடத்தில் முகம் உதிர்ந்தது.

ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கை ஊற்றிக் கெட்டியாக்கிய சிப்பாய் சிலிகான் அச்சிலிருந்து வருகிறார். நுணுக்கத்தில் இவரே அரசர். ஆனால் சிலிகான் சீக்கிரம் கிழிந்துபோகும், அதனால் விலை அதிகம். மென்மையான பாலிஎத்திலீன் சிப்பாயை எவ்வளவு வளைத்தாலும் உடையமாட்டார். ஆனால் அவர் மேல் பெயின்டும் நிற்காது, மாடல் பசையும் ஒட்டாது. கெட்டியான பாலிஸ்டைரீனைப் பசையின் கரைப்பான் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். பாலிஎத்திலீன் அதே கரைப்பானுக்கு அசைவதே இல்லை.

சரி, எந்த நுணுக்கம்வரை தேவை? இதற்குக் கண்ணிடம் பதில் இருக்கிறது. நல்ல பார்வை சுமார் ஒரு கோணநிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவைப் பிரித்துப் பார்க்கும். 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ. பொம்மையைக் கையில் எடுத்து அவ்வளவு அருகில் பார்ப்பதும், 1/72 கணக்கில் நிஜ ஆளை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்று. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவரைப் பாருங்கள். கண் இருக்கும் இடத்தில் ஒரு நிழல் தெரியும், வெள்ளை விழி தெரியாது. நிஜக் கண் 3 செ.மீ. அகலம், ஒரு செ.மீ. உயரம். பொம்மையில் 0.4-க்கு 0.14 மி.மீ. இதில் வெள்ளை வைத்துக் கருப்புப் புள்ளியும் வைத்தால் ஆள் திடுக்கிட்டவர்போல முழிப்பார். 1/72-ல் ஒரு கரும்பழுப்புக் கோடு போதும் என்பது என் உறுதியான கருத்து.

மறுபக்கம், உண்மையான அளவே போதாத இடங்களும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் கம்பளிக் கோட்டின் ஓரம் 0.014 மி.மீ. ஆகிவிடும். இடுப்புப் பட்டை 0.04. பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒன்று, நிறம் இரண்டு பூச்சு விழுந்தால் அவை இருந்த இடமே தெரியாது. ஆகவே பட்டையைத் தடிமனாக்குவதும் துணி மடிப்பை ஆழமாக வெட்டுவதும் பிழையல்ல, தேவை. போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. சிப்பாய்களின் பெரிய தலைக்கும் பெரிய கைக்கும் இதுவே காரணம். அவற்றை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தில் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. மனித உடல் சுமார் ஏழரைத் தலை உயரம், இந்தச் சிப்பாய்கள் ஆறு தலைக்கும் கீழே போவார்கள். முகத்தின் நீளத்தைத் தாளம் என்று கொண்டு, பெருந்தெய்வங்களுக்குப் பத்தும் பிள்ளையாருக்கு ஐந்தும் வகுத்த நம் சிற்ப நூல்களைப் படித்தவர்களுக்கு, தலையின் பங்கை மாற்றினால் ஆளின் தன்மையே மாறும் என்பது புதிதாக இருக்காது.

3டி பிரிண்டரில் பிறந்த சிப்பாயிடம் ஒரு புதிர் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் 0.05 மி.மீ. கண்ணின் 0.09 எல்லைக்குக் கீழே. பிறகு ஏன் கன்னத்தில் படிக்கட்டு மாதிரி வரிகள் தெரிகின்றன? இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் சற்று விலகி நிற்பதைக் கண்டுபிடிப்பதில் கண்ணின் கூர்மை, புள்ளிகளைப் பிரித்தறியும் கூர்மையைவிடப் பல மடங்கு அதிகம். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்துப் படிக்கும் என் காலிப்பரின் வெர்னியர் அளவுகோல் வேலை செய்வதே அந்தத் திறமையை நம்பித்தான். போதாததற்கு, பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு படியின் நிழலையும் நீட்டிக் காட்டும். எனவே 3டி பிரிண்ட் எடுத்த சிப்பாயைத் தலைக்கு மேலே விளக்கு வைத்துப் பார்த்து வாங்காதீர்கள், விளக்கைப் பக்கத்தில் தாழ்த்திப் பாருங்கள்.

புகைப்படத்தில் ஒப்பிடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கேமராவை 20 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒரு சிப்பாய் மட்டும் 2 செ.மீ. முன்னால் நின்றால் அவர் 11 சதவீதம் பெரிதாகத் தெரிவார். 1/72-க்கும் 1/76-க்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் அதே 2 செ.மீ. வெறும் 2 சதவீதம் ஆகிவிடும். அளவுகோலைச் சிப்பாய்களின் காலுக்கு நேர்கோட்டில் வையுங்கள், அவர்களுக்கு முன்னால் வேண்டாம்.

என் மேசையில் இப்போது ஒரு சிதைந்த தெருவின் காட்சி உருவாகிக்கொண்டிருக்கிறது. அண்ணனின் துப்பாக்கியைப் பிளேடால் சீவி 15.4-க்குக் கொண்டுவந்து முன்வரிசையில் நிறுத்திவிட்டேன். தம்பியைப் பின்னால், கண்ணிலிருந்து 35 செ.மீ. தூரத்தில், ஒரு சுவரோரம் வைத்திருக்கிறேன். அந்தத் தூரத்தில் அவர் 37 செ.மீ. தூரத்தில் நிற்கும் 1/72 ஆள் மாதிரியே தெரிகிறார். அந்த 2 செ.மீ.யை 72-ஆல் பெருக்கினால், தெரு ஒன்றரை மீட்டர் நீண்டுவிட்டது.