நீட்டிய கால்

என் வகுப்பில் மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று. ஷூவைத் தானே மாட்டிக்கொள்வாள். குதிகாலை உள்ளே தள்ளி, ஒட்டும் பட்டையை இழுத்து ஒட்டி, மேலே ஒரு தட்டும் தட்டுவாள். ஆனால் பள்ளி விட்டு, பாட்டி வாசலில் வந்து நின்றதும் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவாள். பாட்டியும் முட்டிவலியோடு குனிந்து மாட்டிவிடுவார்.

மழலையர் வகுப்பு ஆசிரியையாக இதைத் தினமும் பார்க்கிறேன். பாட்டியைக் குறை சொல்ல மனம் வராது, அது பாசம். ஆனால் குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது, "இங்கே இதை நான் செய்ய வேண்டியதில்லை" என்பதைத்தான்.

ஒன்றரை வயதிலிருந்தே பிள்ளைகள் "நானே, நானே" என்று கையைத் தட்டிவிடுவார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். தன்னால் முடியுமா என்று குழந்தை சோதித்துப் பார்க்கும் பருவம் அது. அப்போது ஒவ்வொரு முறையும் தடுத்தால் தன் மேலேயே சந்தேகமும் வெட்கமும் வளரும் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் விளக்கியிருக்கிறார்.

சரி, எல்லாவற்றையும் அதன் கையில் விட்டுவிட முடியுமா? வேண்டாம். கடைசிப் படியை மட்டும் விட்டுவையுங்கள். ஜிப்பைக் கீழே கோத்து, முக்கால்வாசி ஏற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மீதியை அது இழுக்கட்டும். கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றிக்கொடுத்தால் போதும். வேலையை முடித்த திருப்தி குழந்தைக்கே கிடைப்பதால் மறுநாளும் ஆசையாக வரும். அது பழகிய பிறகு அதற்கு முந்தைய படியையும் கொடுக்கலாம். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் சோர்ந்து அழுதுவிடும், அப்புறம் நாம்தான் முடித்துவைக்க வேண்டியிருக்கும்.

பல நேரம் குழந்தைக்குத் திறமை இருக்கும், கைதான் எட்டாது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் குழந்தைகளின் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. கை கழுவும் இடத்தில் வழுக்காத ஒரு முக்காலி, பை மாட்டத் தாழ்வாக ஓர் ஆணி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடை போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. குழந்தை மடித்த துண்டை அதன் கண்முன்னே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். "நீ செய்தது சரியில்லை" என்று வாயால் சொல்வதைவிட அது அதிகம் வலிக்கும். கோணலாகவே இருக்கட்டும்.

காலை அவசரத்தில் புதிதாக எதையும் பழக்காதீர்கள், விடுமுறை நாளில் தொடங்குங்கள். உடம்பு சரியில்லாதபோதும், வீட்டில் தம்பி தங்கை பிறந்த புதிதிலும், தெரிந்த வேலைக்கே உதவி கேட்கும். தயங்காமல் செய்துகொடுங்கள். பழகியது எங்கும் போய்விடாது.

அந்தப் பாட்டியிடம் பேசினேன். மறுநாள் குனியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நீட்டிய கால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவளே குனிந்தாள். வலது ஷூ இடது காலில் ஏறியது. பாட்டி என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். இருவரும் கைகோத்துக்கொண்டு, கால் மாறிய ஷூவோடே கிளம்பினார்கள்.